சுற்றிப் பார்க்க ஏழு இடங்கள்

கரிராமன் துணை

வெண்மேகம் என்க்ளேவ்,
கச்சிராயபாளையம் ரோடு, கள்ளக்குறிச்சி.
12.6.2022

அன்புத் தங்கை ஆயம்மாளுக்கு அக்கா வெள்ளச்சி எழுதுவது. மலையிறங்கிச் சுகமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஒரு தடவைதான் வாந்தி. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அங்கே டவர் இல்லாததால் போனில் பேச வழியில்லை. அஞ்சாவது வரை நான் படித்தது இதற்காவது உதவட்டும். நீ மூணாவது என்றாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாய்.

பிள்ளை தனசேகரன் வேலை பார்க்கும் இடம் இதுதான். வயலை மனை மனையாகப் பிரித்து, சுற்றிலும் சுவர் எழுப்பி, இரும்புக் கேட் போட்டு வைத்திருக்கிறார்கள். மனை விற்றுக் கொடுப்பது அவன் வேலை. கட்டி முடித்த வீட்டில் என்னைக் குடி வைத்திருக்கிறான். சொன்னால் நம்ப மாட்டாய், கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பத்து மனை விற்றால் இந்த வீடு நமக்கே என்று முதலாளி சொல்லியிருக்கிறாராம். மருமகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அடுத்த மாதம் இங்கே வந்துவிடுவார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. ‘என்க்ளேவிலும் அருகிலும் சுற்றிப் பார்க்க ஏழு இடங்கள்’ என்று போட்டிருக்கிறது. கண்ணாடி இல்லாமலேயே படித்தேன். குழந்தைகள் பூங்கா, பஸ் ஸ்டாண்டு, கலெக்டர் ஆபீஸ், கோமுகி அணை, ரிஷிவந்தியம் கோயில், திருக்கோவிலூர். ஏழாவது என்ன தெரியுமா? கல்வராயன் மலை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் சுள்ளி பொறுக்கிய இடத்தை இவர்கள் காரில் போய்ப் பார்ப்பார்களாம். ஒரு அருவிப் படமும் போட்டிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். அது நம் அருவி இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு இடமாகக் கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று தனசேகரன் சொல்கிறான். ஊரில் எல்லோருக்கும் சொல்லு. முக்கியமாகத் தர்மன் பெண்டாட்டிக்குச் சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா வெள்ளச்சி

---

கரிராமன் துணை

பெருமாங்காடு, வெள்ளிமலை வழி.
25.6.2022

அக்கா வெள்ளச்சிக்கு ஆயம்மாள் கும்பிட்டு எழுதியது. இங்கே நான், பசு, தம்பி தர்மன் வீட்டார் எல்லோரும் நலம். முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழை வந்ததும் விட்டுவிடுகிறது. சாமை விதைத்தாகிவிட்டது.

உன் கடிதத்தைத் தர்மன் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டினேன். “வூட்டுக்குள்ளியே கக்கூஸா, நாத்தம் வராதா? உங்கக்கா பெருமைக்குச் சொல்லும்” என்றாள். நான் காகிதத்தின் தலையைக் காட்டினேன். “பாரு, கரிராமன் பேரு போட்டிருக்கு” என்றேன். உடனே அவள் காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? மேலே சாமி பேர் இருந்தால் கீழே பொய் இருக்கக் கூடாது, இருந்தால் எழுதின கைக்கு அடுத்த விதைப்பு விளங்காது என்பார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், எழுத்துக்கு அவ்வளவு பயப்பட்டார்.

நீ போனதிலிருந்து சாயங்காலம் பேச ஆளில்லை. பசுவோடு பேசுகிறேன். அது உன்னைவிடப் பரவாயில்லை, நடுவில் குறுக்கிடுவதில்லை.

எந்தெந்த இடம் பார்த்தாய் என்று எழுது. நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.
தங்கை ஆயம்மாள்

---

வெண்மேகம் என்க்ளேவ்,
20.7.2022

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கு யாவரும் நலம்.

பஸ் ஸ்டாண்டும் கலெக்டர் ஆபீஸும் பார்த்தாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். எங்கே பார்த்தாலும் ஜனம். பூங்கா எங்கள் சுவருக்குள்ளேயே இருக்கிறது, தினமும் போகிறேன். ஒரு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், சிமெண்டில் செய்த ஒரு மான். மான் நல்ல உயரம்.

எனக்கு வேலை நிறைய. காலையில் எழுந்ததும் மூன்று வீட்டு வாசலுக்கும் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறேன். மாடிக் கொடியில் துணி காயப் போடுகிறேன். சாயங்காலம் மூன்று வீட்டிலும் விளக்கு போடுகிறேன். பார்ட்டி வந்தால், மனை வாங்க வருகிறவர்களை இங்கே பார்ட்டி என்பார்கள், தனசேகரன் முன்னாலேயே போன் போட்டுச் சொல்லிவிடுவான். “வெளியில வந்து சிரிச்ச மாதிரி உட்காரும்மா, பார்ட்டி வருது” என்பான். நான் பூண்டு உரித்துக்கொண்டு வாசலில் உட்காருவேன். போன வாரம் ஒரு அம்மாள், “ஆயா, தண்ணி நல்லா வருதா, அக்கம்பக்கம் இன்னா மாதிரி?” என்று கேட்டாள். நல்லா வருதும்மா, நல்ல ஜனங்க என்றேன். என்னைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறது என்று முதலாளியே சொன்னாராம்.

ஆறு மணிக்குத் தனசேகரன் வெளிக் கேட்டைப் பூட்டிக்கொண்டு டவுனுக்குப் போகிறான். பாதுகாப்புக்குத்தான். காலையில் வந்து திறப்பான். பார்ட்டி இல்லாத நாளில் வேறு மனைக்குப் போய்விடுவான், அன்றைக்குக் கேட் திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

கடிதத்தை அவனே ஒட்டித் தபாலில் போடுகிறான். எனக்கு எச்சில் மிச்சம்.

முழங்காலுக்கு நொச்சித் தழை வைத்துக் கட்டு.
அக்கா வெள்ளச்சி

---

கரிராமன் துணை

பெருமாங்காடு,
6.8.2022

அக்காவுக்கு ஆயம்மாள் எழுதுவது. நலம். நொச்சித் தழை கட்டினேன், நாற்றம் போக மூன்று நாள் ஆயிற்று.

மூன்று வீட்டு வாசலுக்கும் நீயே கோலம் போடுகிறாய் என்றால் மற்ற இரண்டு வீட்டிலும் பெண்களே இல்லையா? பேரனும் பேத்தியும் வந்துவிட்டார்களா? அவர்கள் செய்யும் சேட்டையைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. ‘இங்கு யாவரும் நலம்’ என்று எழுதியிருக்கிறாய். யாவரும் என்றால் யார் யார் என்று பெயர் போட்டு எழுது, எனக்கு ஆசையாக இருக்கிறது.

போன சனிக்கிழமை தர்மன் மரவள்ளி லோடோடு கள்ளக்குறிச்சி வந்தான். உன்னைப் பார்க்க மொச்சையும் ஒரு பாட்டில் தேனும் எடுத்துக்கொண்டு அங்கே வந்திருக்கிறான். கேட் பூட்டியிருந்ததாம். ஐந்தாறு தடவை கூப்பிட்டானாம். தேனைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டான். வழியில் பஜாரில் தனசேகரனைப் பார்த்து மனை நோட்டீஸ் ஒன்று வாங்கி வந்தான். அந்த ஏழு இடமும் அதில் போட்டிருக்கிறது, என் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். “சித்திக்கு அம்மா பக்கத்து மனைய வெச்சிருக்கேன்னு சொல்லு மாமா” என்றானாம். பிள்ளைக்கு என் மேல் பாசம்.

சனிக்கிழமை எங்கே போயிருந்தாய்?
தங்கை ஆயம்மாள்

---

வெண்மேகம் என்க்ளேவ்,
4.9.2022

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் நலத்துக்கு எழுது.

தர்மன் வந்த சனிக்கிழமை நாங்கள் குடும்பத்தோடு கோமுகி அணைக்குப் போயிருந்தோம். தண்ணீர் நிறைய இருந்தது. கரையில் மீன் வறுத்து விற்றார்கள், பேத்தி இரண்டு துண்டு சாப்பிட்டாள். முள் இருக்கிறது பார்த்துச் சாப்பிடு என்று நான் சொன்னேன். நான் வருத்தப்பட்டேன் என்று தர்மனிடம் சொல்லு. தேனை வீணாக்காதே.

பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் துணிதான் மாடியில் தினமும் காய்கிறது. சின்னச் சட்டை, பாவாடை, பள்ளிக்கூட யூனிபாரம். பார்க்கிறவர்களுக்கு வீடு நிறைந்த மாதிரி இருக்கும்.

அடுத்த வீட்டுப் பெண்களைக் கேட்டாய். இங்கே ஒருத்தி சிநேகமாகியிருக்கிறாள். பெயர் குஞ்சம்மாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறாள். சுவர் ஏழடி என்பதால் அவள் முகம் நான் பார்த்ததில்லை, குரல்தான். “இன்னா ஆயா, சாப்ட்டியா?” என்று கேட்பாள். “ஒண்டியா இன்னாத்த பண்ணிக்கினு கீற உள்ள?” என்றாள் ஒரு நாள். நான் ஒண்டி இல்லை, மருமகள் உள்ளே சமைக்கிறாள் என்றேன்.

உன் கடிதத்தைத் தனசேகரனே வாங்கிவந்து பிரித்துப் படித்துக் காட்டுகிறான். அஞ்சாவது படித்தவளுக்கு எதற்கடா என்றேன். “கண்ணு நோவும்மா” என்கிறான். அவனும் இளைத்துவிட்டான். இதுவரை இரண்டு மனைதான் போயிருக்கிறது. முதலாளி போனில் பேசினால் எழுந்து நின்றுகொண்டு பேசுகிறான். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுகிறான்.

அக்கா வெள்ளச்சி

---

கரிராமன் துணை

பெருமாங்காடு,
21.9.2022

அக்காவுக்கு ஆயம்மாள் கும்பிட்டு எழுதியது. முழங்கால் தேவலை. சாமைக் கதிர் வந்துவிட்டது.

நல்ல சேதி சொல்கிறேன். நானும் அங்கே வந்துவிடலாம் என்று இருக்கிறேன். தனசேகரன் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினான். தை பிறந்ததும் என் காட்டைத் தர்மன் பேருக்கே விட்டுவிடுவது, அவன் கொடுப்பதை மனைக்குக் கொடுப்பது. பசுவுக்குக் கச்சிராயபாளையத்தில் ஆள் இருக்கிறது. எனக்கென்று இங்கே யார் இருக்கிறார்கள்? புருஷன் போய்ப் பதினாலு வருஷம், பிள்ளையும் இல்லை. இருக்கிற ஒரு அக்காள் கீழே கோமுகி அணையில் மீன் தின்றுகொண்டிருக்கிறாள். நீ எழுதியதை நோட்டீஸில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துப் பார்த்துவிட்டேன். நாலு இடம் ஆகிவிட்டது. மீதியை நான் வந்ததும் சேர்ந்து பார்க்கலாம்.

காட்டை விட்டால் திரும்ப வர முடியாது என்று தர்மன் சொல்கிறான். “அக்கா ஒரு தடவைக்கு ரெண்டு தடவ யோசிச்சுக்கோ” என்கிறான். நீ என்ன சொல்கிறாய்? நீ வா என்றால் வருகிறேன்.

ஒரு சின்ன விஷயம். போன இரண்டு கடிதத்திலும் தலையில் சாமி பேர் போட மறந்துவிட்டாய்.
தங்கை ஆயம்மாள்

---

வெண்மேகம் என்க்ளேவ்,
30.10.2022

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. யாவரும் நலம். பதில் போடத் தாமதம் ஆகிவிட்டது. தீபாவளி வேலை. பிறகு மழை.

நீ வருவதைப் பற்றித் தனசேகரனுக்கு ரொம்ப சந்தோஷம். சித்தி வந்தால் பெரிய உதவி, மூணாவது மனை போன மாதிரி என்கிறான். நீ கேட்டதற்கு நான் என்ன சொல்வது? உன் முழங்காலுக்கு இந்த ஊர்ச் சமதரை நல்லது. பசு பால் கறக்கிறதா?

ரிஷிவந்தியமும் திருக்கோவிலூரும் போய் வந்தோம். ரிஷிவந்தியத்தில் கூட்டம் கம்மி. பால் அபிஷேகம் பார்த்தோம். திருக்கோவிலூரில் பெருமாள் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆக ஆறு இடம் ஆயிற்று.

மழையில் சுவர் ஓரம் எல்லாம் புல். மனைக்கல்லை மூடிவிட்டது. இருபத்தெட்டு கல் வரை எண்ணிவிட்டேன், மீதியை எண்ணவில்லை. மற்ற இரண்டு வீட்டுக்குள்ளும் தண்ணீர் இறங்கிவிட்டது. ஜன்னல் இன்னும் வைக்கவில்லை, முன்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்திருக்கிறது. நான் போட்ட கோலம் அழியாமல் இருக்கட்டும் என்று தனசேகரன் பெயிண்ட்டிலேயே கோலம் போட வைத்துவிட்டான். அந்த வேலை எனக்கு மிச்சம்.

குஞ்சம்மாள் குரல் வருவதில்லை. சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்துவிட்டார்கள், அந்தப் பக்கம் ஆடு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

மாடியில் நின்றால் மேற்கே மலை தெரிகிறது. மழை விட்ட நாளில் நன்றாகத் தெரிகிறது. உன் வீடு எந்த மடிப்பில் இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

சாமி பேர் போட இடம் போதவில்லை.
அக்கா வெள்ளச்சி

---

கரிராமன் துணை

பெருமாங்காடு,
15.11.2022

அக்கா வெள்ளச்சிக்கு ஆயம்மாள் எழுதுவது. நலம். பசு பால் கறக்கிறது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூணாவது படித்தவள்தான், ஆனாலும் நிதானமாகப் படிப்பேன்.

ரிஷிவந்தியத்தில் பால் அபிஷேகம் பார்த்தேன் என்கிறாய். அப்பா வருஷா வருஷம் நம் இரண்டு பேர் தலையிலும் தேன் குடத்தை ஏற்றி அந்தக் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப் போவாரே. லிங்கத்தில் தேன் ஊற்றும்போது அம்மன் தெரிகிறாளா என்று நீ என் தோள் மேல் ஏறிப் பார்த்தாய், நான் விழுந்து பல் உடைந்தது. அந்தப் பல் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அந்தக் கோயிலுக்குப் போய்விட்டுத் தேனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் இருக்கிறவள் என் அக்காள் இல்லை.

இன்னொன்று. தர்மன் இதை என்னிடம் இவ்வளவு நாள் மறைத்திருக்கிறான். அன்றைக்கு அவன் கேட்டில் நின்று கூப்பிட்டபோது மாடிக் கொடியில் நீலப் புடவை காய்ந்துகொண்டிருந்ததாம். மூன்றாவது தடவை கூப்பிட்டதும் ஒரு கை வந்து புடவையை உருவிக்கொண்டு உள்ளே போயிற்றாம். “அக்காவுக்கு எம் மேல இன்னா கோவமோ” என்று இத்தனை நாள் அவன் மனசுக்குள்ளேயே வைத்திருந்தான். நீ அணையில் மீன் முள் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கை யாருடையது?

பூட்டின கேட்டுக்குள் இருக்கிறதைத் தம்பி பார்த்துவிடக் கூடாது என்று ஒளிந்துகொண்டாயா?

நான் ஒன்றும் கேட்கவில்லை. முதல் கடிதத்தில் கரிராமன் பேர் இருந்தது. பிறகு மூன்று கடிதத்தில் இல்லை. இடம் போதவில்லை என்று எழுதின காகிதத்தில் அடியில் நாலு விரல் இடம் சும்மா கிடக்கிறது.

தை பிறக்க ரெண்டே மாதம்தான் இருக்கிறது. தர்மன் பத்திரத்துக்குத் தேதி கேட்கிறான். ஒன்றே ஒன்று செய். அடுத்த கடிதத்தில் தலையில் கரிராமன் துணை என்று போடு. கீழே ஒரு வரி போதும், ‘நான் இங்கே நன்றாக இருக்கிறேன், நீ வா.’ அந்த ஒரு வரி வந்தால் காட்டை விட்டுவிட்டு, பசுவைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். உன் வாக்குக்கு மேல் எனக்கு நோட்டீஸ் வேண்டாம்.
தங்கை ஆயம்மாள்

---

கரிராமன் துணை

வெண்மேகம் என்க்ளேவ்,
5.12.2022

அன்புத் தங்கை ஆயம்மாளுக்கு அக்கா வெள்ளச்சி எழுதுவது.

 

 

 

அக்கா வெள்ளச்சி

---

கரிராமன் துணை

பெருமாங்காடு,
14.12.2022

அக்காவுக்கு ஆயம்மாள் கும்பிட்டு எழுதுவது. கடிதம் கிடைத்தது. முழுவதும் படித்தேன்.

தர்மனுக்கும் காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, ஒண்ணுமே எழுதலியே” என்றான். எழுதியிருக்குடா, நீ ரெண்டாவதோட நின்னவன், உனக்குத் தெரியாது என்றேன்.

காட்டை விடவில்லை. பசுவுக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் கிழிக்க வரவில்லை, கோந்து கெட்டி. அதன் மேல் சாணி தட்டிவிட்டேன்.

தனசேகரா, இதையும் நீதான் முதலில் படிப்பாய். அதனால் உனக்கும் இதிலேயே எழுதுகிறேன். உன் அம்மா வெறும் தாளைக் கையில் கொடுத்தபோது நீ பக்கத்தில்தான் இருந்திருப்பாய். அந்த ஒரு வரியை எழுதச் சொல்லிக் கெஞ்சியும் இருப்பாய். கிழித்துப் போட்டிருக்கலாம். நீயே உன் கையெழுத்தில் ஒரு வரி எழுதிச் சேர்த்திருக்கலாம், எனக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் நீ அதை மடித்து, ஒட்டி, விலாசம் எழுதி அனுப்பியிருக்கிறாய். அதையும் நான் படித்தேன் மகனே. உன் முதலாளியிடம் ஆயாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள். அந்தப் பொய்க்கு சாமி பேர் தேவையில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நானும் தர்மனும் வருகிறோம். கேட் திறந்திருக்கட்டும். பூட்டியிருந்தால் வெளியே நின்று நான் கூப்பிடுவேன். இந்த மேட்டில் நின்று கூப்பிட்டால் அந்த மேட்டில் மாடு திரும்பும் குரல் இது, உங்கள் டவுன் எம்மாத்திரம்.

அக்கா, ஊர் ஜனம் என்ன சொல்லும் என்று நினைக்காதே. கோமுகி அணை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் பார்த்துவிட்டு வந்தவள் என்றே நான் சொல்லி வைக்கிறேன். தர்மன் பெண்டாட்டி கேட்டால் அந்தச் சிமெண்டு மானைப் பற்றிச் சொல்லு, அது நிஜமாகவே நீ பார்த்தது.

அந்தப் போர்டில் ஆறு இடம் எழுதிவிட்டாய். ஏழாவது மட்டும் பாக்கி இருக்கிறது. நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு கேட்டண்டை நில். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

தங்கை ஆயம்மாள்